அற்புதமும் கைவேலையும்

2000ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியிலே குடும்பப் படம் ஒன்று முதன்முறையாகக் காட்டப்பெற்றது. சிறுவரும் பெற்றோரும் ஒருங்கிருந்து பார்க்கத்தக்க படங்களைத் தயாரிக்கும் டிஸ்னி நிறுவனத்தார் தம்முடைய தொலைக்காட்சி அலைவரிசைக்கென்றே எடுத்த படம் அது. கிரெக் பீமன் என்பவர் அதனை நெறிப்படுத்தினார். 'மிராக்கிள் இன் லேன் டூ' என்பது அதன் பெயர். 'இரண்டாம் ஓடுதடத்தில் ஓர் அற்புதம்' என்று அதனை நாம் தமிழில் வழங்கலாம். நடக்க இயலாத சிறுவன் ஒருவன் பந்தய வண்டி ஓட்டப் புறப்பட்டதே அதன் கதை. இந்தியானா மாநிலத்து ஜஸ்ரின் யோடர் என்னும் சிறுவனின் மெய்யான வாழ்க்கையைத் தழுவி அது எழுதப்பட்டது.

நேயர்களே, அற்புதம் என்பது இனிய சொல். எனினும், வரலாறு கற்போர் அச்சொல்லைக் கேட்டவுடன் சற்றே நின்று நிதானித்தல் வேண்டும். நிகழ்ச்சியொன்றை அற்புதம் என்று கூறிவிட்டால், அது எவ்வாறு நிகழ்ந்தது, யார் யார் அதற்கு உழைத்தார்கள் என்ற வினாக்கள் அவ்விடத்திலேயே அடங்கிவிடுகின்றன. வானத்திலிருந்து விழுந்ததை யாரும் ஆராய்வதில்லை. அது மீண்டும் விழும்வரை கைகட்டிக் காத்திருப்பதே வழக்கம். ஜஸ்ரினின் பந்தயத்துக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. அது பத்திரிகைப் படப்பிடிப்பாளர், தொழிற்சாலைத் தொழிலாளி, வைத்தியர், எழுத்தாளர், நீதிபதி ஆகிய பலருடைய கைவேலையால் ஆனது. அதனை இங்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலிலே கதையைச் சுருங்கச் சொல்லுதல் நன்று. ஜஸ்ரினுக்குத் தமையன் ஒருவன் உண்டு. சேத் என்பது அவன் பெயர். அவன் விளையாட்டுக்களில் வல்லவன். அவன் வென்ற கிண்ணங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பி அவற்றை நாள்தோறும் பார்க்கின்றான். தமையன்மேல் அவனுக்கு அன்பு உண்டு. ஆயினும் உள்ளே ஓர் ஏக்கமும் உண்டு. 'எனக்கென்று ஒரு கிண்ணம் வேண்டும்' என்பதே அவ்வேக்கம். பெற்றோர் அவனை நேசிக்கின்றனர், நேசிப்பதனாலேயே அஞ்சுகின்றனர். அந்நிலையில் அயலவர் ஒருவரின் பழக்கத்தால் சிறுவர் பெட்டிவண்டிப் பந்தயம் என்னும் ஒரு விளையாட்டு அவனுக்கு அறிமுகமாகின்றது. அதன்பின் அவனுடைய எண்ணமெல்லாம் மலைச்சரிவிலே ஓடும் ஒரு வண்டியைச் சுற்றியே சுழல்கின்றது. முடிவு என்னவாயிற்று என்பதை இனிப் படத்தைப் பார்க்க இருப்போருக்கே விட்டுவிடுகின்றேன். நாம் கேட்கவேண்டிய வினா வேறு. கால்கள் இயங்காத ஒரு பிள்ளை பந்தயக் கோட்டிலே வந்து நிற்பதற்கு எவையெவை முன்னரே நடந்திருக்கவேண்டும்?

அப்பந்தயத்தின் தோற்றத்தை அறிய நாம் 1933ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அமெரிக்காவிலே பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. உழைப்பாளர் நால்வரில் ஒருவர் தொழிலின்றி வாடினார். கடையிலே விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கும் நிலையில் பெற்றோர் பலர் இருக்கவில்லை. ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரிலே, மைரன் ஸ்கொட் என்னும் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருநாள் ஒரு தெருவிலே ஒரு காட்சியைக் கண்டார். சிறுவர் சிலர் பழைய மரப்பெட்டிகளுக்குச் சில்லுப் பூட்டி, இறக்கமான தெருவிலே ஒருவரையொருவர் முந்தி உருண்டுகொண்டிருந்தனர். சவர்க்காரம் அடைத்து வந்த பெட்டிகள் அக்காலத்தில் எளிதிற் கிடைத்தன. ஆகவே அவ்வண்டிகளுக்குச் 'சோப்புப் பெட்டி' என்ற பெயரே நிலைத்தது.

ஸ்கொட் அவர்களைப் படம் பிடித்ததோடு அமையவில்லை. மறுமுறை வாருங்கள், வெல்பவனுக்குப் பரிசு உண்டு என்று கூறினார். பத்தொன்பது சிறுவர்கள் வந்தார்கள். அதனைக் கண்டு அவர் தம்முடைய பத்திரிகையின் ஆதரவைப் பெற்று, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் 19ஆந் திகதி நகரப் பந்தயம் ஒன்றையே நடத்தினார். 362 சிறார் தம் கைகளாற் செய்த வண்டிகளுடன் வந்து சேர்ந்தனர். ஏறக்குறைய நாற்பதினாயிரம் மக்கள் கூடி நின்று பார்த்தனர். அடுத்த ஆண்டே செவர்லே மோட்டார் நிறுவனத்தின் உதவியுடன் நாடளாவிய பந்தயமாக அது வளர்ந்தது. 34 நகரங்களின் வெற்றியாளர் அதிற் பங்குபற்றினர். இந்தியானாவின் மன்சி நகரிலிருந்து வந்த ரொபேட் ரேணர் என்னும் சிறுவன் 1934ஆம் ஆண்டின் நாட்டு வீரனானான். மதுச்சாலை ஒன்றிலே மேசையாகக் கிடந்த பலகையைக் கொண்டு அவன் தன் வண்டியைச் செய்திருந்தான் என்பர். வறுமைக் காலத்தின் முத்திரை அவ்வண்டியின் மேலேயே பதிந்திருந்தது.

1935ஆம் ஆண்டில் பந்தயம் அதே மாநிலத்தின் அக்ரன் நகருக்கு மாறியது. அக்ரன் மேடும் பள்ளமுமான ஊர். உருளும் வண்டிகளுக்கு அதுவே ஏற்றது. அவ்வாண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம் வானொலி நேயர்களுக்குச் சுவை தருவதாகும். கிரஹாம் மக்நாமீ என்பவர் அக்காலத்து அமெரிக்க வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர். ஓடுபாதையின் ஓரத்திலே நின்று அவர் நேரடி வருணனை செய்துகொண்டிருந்தபொழுது, தடம் மாறிய வண்டியொன்று நேரே வந்து அவர்மீதும் அவருடைய துணை அறிவிப்பாளர்மீதும் மோதிவிட்டது. வருணனை செய்யவந்தவரே அன்றைய செய்தியாகிவிட்டார். சிறுவர் விளையாட்டுத்தானே என்று எண்ணியோர்க்கு, இவ்வண்டிகளின் விசை எத்தகையது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. மறு ஆண்டில், தொழிலற்றோர்க்கு வேலை கொடுப்பதற்காக அரசாங்கம் நிறுவிய திட்டத்தின்கீழ், அக்ரனில் இதற்கென்றே நிலையானதொரு சாய்தளம் அமைக்கப்பட்டது. 'டேபி டவுன்ஸ்' என்பது அதன் பெயர். உலக யுத்தத்தின்போது, 1942 முதல் 1945 வரை, பந்தயம் நிறுத்தப்பட்டது. ஏனைய காலங்களில் கோடைதோறும் அச்சரிவிலே சிறார் உருண்டு வந்தனர்.

இந்தப் பந்தயத்தின் விதிகளைச் சற்று நோக்குவோம். நம்முடைய பொருளின் உட்கருத்து அவற்றிலேதான் இருக்கின்றது. வண்டிக்கு யந்திரம் இல்லை. மிதிகட்டை இல்லை. தள்ளிவிடுவாரும் இல்லை. மேட்டிலே தடுத்து வைத்திருக்கும் தகடு கீழே சாய்ந்ததும், பூமியின் ஈர்ப்பே வண்டிகளை இழுத்துச் செல்கின்றது. ஏறக்குறைய ஆயிரம் அடித் தூரம். அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் மணிக்கு முப்பது மைலளவான வேகம் உண்டாகும். குனிந்து படிந்து காற்றுக்கு இடங்கொடாது இருத்தலும், வண்டியை நேர்கோட்டிற் செலுத்துதலுமே ஓட்டுபவரின் திறமையாகும். பாரம் மிகுந்த வண்டிக்கு ஓரளவு நன்மை உண்டாதலால், வண்டியும் பிள்ளையும் சேர்ந்த நிறைக்கு எல்லை வகுத்திருந்தார்கள். மெலிந்த பிள்ளையாயின், குறைந்த அளவுக்குப் பாரம் ஏற்றிக்கொள்ள இடமளித்தார்கள். மெலிந்தவனைப் பார்த்து, 'நீ தடித்து வா' என்று யாரும் சொல்லவில்லை. வண்டியிலே பாரத்தை வைத்துச் சமன் செய்தார்கள். இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

விதிகள் என்பவை மலைபோல் மாறாது நிற்பவை என்று எண்ணுதலும் தவறு. தேசியப் பந்தயத்திலே பெண் பிள்ளைகளுக்கு 1971ஆம் ஆண்டுவரை இடம் இருக்கவில்லை. இடம் கொடுத்து நான்கு ஆண்டுகளில், 1975ஆம் ஆண்டிலே, கரன் ஸ்ரெட் என்னும் சிறுமி நாட்டு வெற்றியையே பெற்றுவிட்டாள். அதுகாறும் பெண் பிள்ளைகள் வெல்லாதிருந்ததற்குக் காரணம் அவர்களின் இயலாமை அன்று என்பது அன்று தெளிவாயிற்று. ஏமாற்றும் இல்லாமலில்லை. 1973ஆம் ஆண்டிலே முதலில் வந்த வண்டியின் மூக்கினுள் மின்காந்தம் ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. தடுத்து நிறுத்தும் இரும்புத் தகடு சாயும்போது காந்தம் அதனைப் பற்றி வண்டியை முன்னே இழுத்துக்கொள்ளுமாறு செய்திருந்தார்கள். செய்வித்தவர் வளர்ந்த மனிதர். பழி சுமந்தவன் பதினான்கு வயதுச் சிறுவன். கிண்ணத்தின் மேலுள்ள ஆசை பெரியோரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அது ஒரு சான்று.

இனி ஜஸ்ரினிடம் வருவோம். அவன் 'ஸ்பைனா பைபிடா' என்னும் குறையுடன் பிறந்தவன். முள்ளந்தண்டு முற்றாக மூடாது பிளவுற்றிருத்தல் என்பது அதன் பொருள். தாய் வயிற்றிலே கரு உருவாகி முதல் நான்கு கிழமைகளுக்குள்ளே, பெரும்பாலும் தாய் தான் கருவுற்றிருப்பதை உணருமுன்னரே, இக்குறை நேர்ந்துவிடுகின்றது. முண்ணாண் வெளிப்பட்டுச் சிதைவதனால் கால்கள் உணர்விழந்து போகலாம். இக்குழந்தைகள் பலருக்கு மற்றொரு துன்பமும் சேர்ந்து வரும். மூளையைச் சூழ்ந்து ஓடும் நீர் வடிய வழியின்றித் தலையினுள்ளே தேங்கி, மூளையை நெருக்கும். ஜஸ்ரினுக்கும் அவ்விரண்டும் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இத்தகைய குழந்தைகளிற் பெரும்பாலோர் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். பந்தயம் ஓடலாமா என்ற வினாவுக்கே அன்று இடமில்லை. பிழைத்திருத்தலே முதற் பந்தயமாக இருந்தது.

அம்முதற் பந்தயத்தின் விதியை மாற்றியவர்களுள் ஒருவர் ஒரு தொழிலாளி. ஜோன் ஹோல்டர் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரின் அயலிலே தொழிற்சாலை ஒன்றில் கருவிகள் செய்யும் வேலை பார்த்தவர். 1955ஆம் ஆண்டிலே அவருக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. ஜஸ்ரினுக்குப் பின்னாளில் இருந்த அதே இரு குறைகளும் அக்குழந்தைக்கும் இருந்தன. தலையிலுள்ள நீரைக் குழாய் வழியே உடலின் வேறோர் இடத்துக்கு இறக்கலாம் என்பதை வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். ஆயின், நீர் ஒரு திசையில் மட்டும், வேண்டிய அழுத்தத்தில் மட்டும் செல்லுமாறு செய்யும் நம்பகமான வால்வு அவர்களிடம் இருக்கவில்லை. யூஜின் ஸ்பிற்ஸ் என்னும் சத்திரவைத்தியர் இத்தடையைத் தந்தைக்கு விளக்கினார். தந்தை அதைக் கேட்டு அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை, வேலைக்கொட்டகைக்குப் போனார்.

வைத்தியசாலையிலே இறப்பர்க் குழாயில் ஊசியை ஏற்றி எடுத்தபின், அத்துளை தானாகவே மூடிக்கொள்வதை ஹோல்டர் கவனித்திருந்தார். அழுத்தம் மிகும்போது திறந்தும், குறையும்போது மூடியும் நிற்கும் ஒரு சிறு கீற்றே தமக்கு வேண்டியது என்பது அவருக்கு விளங்கியது. உடல் ஏற்றுக்கொள்ளும் பொருள் யாதெனத் தேடி, சிலிக்கோன் என்னும் புதிய பொருளிலே அந்த வால்வைச் செய்தார். 1956ஆம் ஆண்டிலே அது நோயாளருக்குப் பொருத்தப்படலாயிற்று. ஸ்பிற்ஸ்–ஹோல்டர் வால்வு என்று வைத்திய உலகம் அதனை வழங்கியது. அவருடைய சொந்த மகன் நெடுங்காலம் வாழவில்லை. ஆயினும், அவன் பொருட்டுப் பிறந்த கருவி உலகெங்கும் எண்ணற்ற பிள்ளைகளை வாழவைத்தது.

அவ்வழியிலே மற்றொரு தந்தையும் வந்தார். ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டால் என்பவரைச் சிறுவர் இலக்கியம் அறிந்தோர் அறிவர். 1960ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில், அவருடைய நான்கு மாதக் குழந்தை இருந்த தள்ளுவண்டியை வாடகை மோட்டார் ஒன்று மோதிற்று. குழந்தையின் தலையிலே நீர் தேங்கியது. பொருத்திய வால்வு அடிக்கடி அடைபட்டது. டால் இங்கிலாந்துக்குத் திரும்பி, விளையாட்டு விமானங்களுக்குச் சின்னஞ்சிறு யந்திரங்கள் செய்யும் ஸ்ரான்லி வேட் என்பவரையும், கென்னத் ரில் என்னும் மூளைச் சத்திரவைத்தியரையும் ஒன்றுசேர்த்தார். மூவரும் கூடிச் செய்த புதிய வால்வு 1962ஆம் ஆண்டிலே பயனுக்கு வந்தது. அதனால் இலாபம் எதுவும் பெறுவதில்லை என்றும் அவர்கள் தம்முள் உறுதிசெய்துகொண்டார்கள். அதற்குள் டாலின் மகன் நலம்பெற்றுவிட்டமையால், அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. பிறர் பிள்ளைகள் பயன்பெற்றார்கள்.

கருவுறுமுன்னரே தாய்மார் போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தை உட்கொண்டால் இக்குறை பெரிதும் தடுக்கப்படும் என்பதை 1991ஆம் ஆண்டில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு ஐயமற நிறுவியது. இவையெல்லாம் ஒருவர் செய்ததன்மேல் மற்றொருவர் அடுக்கிய கற்கள். அக்கற்களின் மேலேறியே ஜஸ்ரின் பந்தயச் சரிவின் உச்சிக்கு வந்து சேர்ந்தான்.

உச்சியிலே அவனுக்கு எதிராக நின்றது யாது? மலைச்சரிவு எந்தப் பிள்ளையிடமும் காலைக் கேட்பதில்லை. இறக்கத்திலே உருளும் வண்டிக்கு ஓட்டப்பந்தய வீரனும் ஒன்றுதான், நடக்கமாட்டாத பிள்ளையும் ஒன்றுதான். திசை திருப்புவதற்குக் கைகளே போதும். காலைக் கேட்டது ஒன்றே ஒன்று, அது பிறேக். ஓட்டம் முடிந்தபின் காலால் மிதித்து, அடியிலுள்ள கட்டையை நிலத்தில் உரசச்செய்து வண்டியை நிறுத்துவதே வழக்கம். அந்தச் சிறு மிதிகட்டையே ஜஸ்ரினைப் போன்ற பிள்ளைகளுக்கும் பந்தயத்துக்குமிடையே மதிலாக நின்றது. அதனைக் கையால் இயக்குமாறு மாற்றியபோது மதில் விழுந்தது. வேகத்தில் அவனுக்குச் சலுகை இல்லை. தூரத்தில் குறைவு இல்லை. நேரத்தில் தள்ளுபடி இல்லை. காலால் நிறுத்தியதை அவன் கையால் நிறுத்தினான், அவ்வளவே. மெலிந்த பிள்ளை பாரம் ஏற்றிக்கொள்வதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

இருவர் அமரும் வண்டியிலே, உடற்குறையுள்ள பிள்ளையை மற்றொரு பிள்ளையின் அருகே இருத்தி ஓடவிடும் நிகழ்ச்சிகளும் இப்பந்தய இயக்கத்தில் உண்டு. அவற்றைக் குறைகூற வரவில்லை. காற்று முகத்தில் அடிக்கச் சரிவிலே இறங்கும் இன்பத்தை அவை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கின்றன. எனினும், உடன் செல்வது வேறு, தானே செலுத்துவது வேறு. தன் கையில் சுக்கானும் தன் கையில் பிறேக்கும் இருக்கும் பிள்ளை தோற்கவும் கூடும். தோற்கும் உரிமையும் பிள்ளைக்கு வேண்டிய உரிமைகளுள் ஒன்றேயாம்.

ஜஸ்ரினுக்கு முன்னரே இவ்வுரிமைக்காகப் போராடியோர் உண்டு. ஜேர்மனியிலிருந்து இங்கிலாந்துக்கு அகதியாக வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையிலே முண்ணாண் காயமுற்ற போர்வீரரைப் பராமரித்தார். படுக்கையிலே கிடந்து மெல்ல மெல்ல இறப்பதே அவர்கள் விதி என்று அக்காலத்தார் எண்ணியிருந்தனர். குட்மன் அவர்கள் கையிலே வில்லைக் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், பதினாறு பேர் சக்கர நாற்காலியில் இருந்தவாறே அம்பெய்தனர். 1960ஆம் ஆண்டிலே உரோமாபுரியில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் கூடுமளவுக்கு அது வளர்ந்தது. இன்று பராலிம்பிக் என்று வழங்கும் விழாவின் தொடக்கம் இதுவே. 1975ஆம் ஆண்டிலே பொப் ஹோல் என்பவர் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் சக்கர நாற்காலியில் ஓட இடங்கேட்டார். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் அத்தாட்சிப் பத்திரம் தருவோம் என்றனர். இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் அவர் முடித்தார்.

வாயிலைத் திறப்பதற்குச் சில வேளைகளிற் கருவி மட்டும் போதாது, சட்டமும் வேண்டியிருக்கும். இதனை விளக்கும் வரலாறு ரற்றியானா மக்பாடன் என்னும் பெண்ணுடையது. 1989ஆம் ஆண்டிலே அன்றைய லெனின்கிராட் நகரில், முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறந்தவள். அநாதை இல்லம் ஒன்றிலே வளர்ந்தாள். அங்கே சக்கர நாற்காலி இல்லாமையால் கைகளையே காலாக ஊன்றி நடந்து பழகினாள். அமெரிக்கப் பெண்மணி ஒருவர் அவளை மகளாக ஏற்று, மேரிலாந்து மாநிலத்துக்கு அழைத்துச் சென்றார். 2004ஆம் ஆண்டிலே, பதினைந்து வயதில், அவள் ஏதென்ஸ் பராலிம்பிக் விழாவில் இரண்டு பதக்கங்கள் வென்றாள். உலகமே பாராட்டிய அப்பிள்ளை தன் உயர்நிலைப் பாடசாலையின் ஓட்டக் குழுவிலே சேரச் சென்றாள். அங்கே நேர்ந்தது யாது? ஏனையோர் ஓடும்போது அவளும் ஓட இடமில்லை; அவள் தனியாக ஓடலாம் என்றார்கள். வெறுமையான மைதானத்திலே, போட்டியிட ஒருவருமின்றி, ஒரு பிள்ளை தனியே சுற்றி வந்தாள். பக்கத்திலே சகபாடிகள் நின்று பார்த்தனர்.

தாயும் மகளும் 2005ஆம் ஆண்டிலே பாடசாலை நிருவாகத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். நட்டஈடாக ஒரு சதமும் அவர்கள் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளுடன் ஒரே வேளையில், ஒரே தடத்தில் ஓடவேண்டும் என்பதொன்றே அவர்கள் கோரிக்கை. 2006ஆம் ஆண்டிலே நீதிமன்றம் அவள் பக்கம் கட்டளை பிறப்பித்தது. 2008ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலம், உடற்குறையுள்ள மாணவருக்கும் பாடசாலை விளையாட்டிலே இடம் அளிக்கவேண்டும் என்று சட்டமே இயற்றியது. 2013ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கல்விப் பகுதியினர் நாடு முழுவதுக்கும் அத்தகைய வழிகாட்டலை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே ரற்றியானா, பொஸ்ரன், இலண்டன், சிக்காகோ, நியூயோர்க் ஆகிய நான்கு மரதன் ஓட்டங்களிலும் தன் பிரிவில் முதலாவதாக வந்தாள். தனியே ஓடவிடப்பட்ட பிள்ளை பெற்ற பதில் அது.

இனி, நாம் தொடக்கத்தில் கூறிய படத்தை நோக்குவோம். ஜஸ்ரினாக நடித்த பிராங்கி மூனிஸ் நன்றாகவே நடித்தார். பின்னாளில் அவர் உண்மையாகவே மோட்டார்ப் பந்தய வீரராகிவிட்டார் என்பது வேடிக்கையான செய்தி. ஆனால் அவர் நடக்கக்கூடியவர். சக்கர நாற்காலியில் வாழும் பிள்ளை ஒருவனை ஏன் தேடவில்லை என்ற வினா இன்று எழுதல் இயல்பே. தம்பியின் ஏக்கத்தைச் சொல்லும் படத்திலே, அத்தம்பியைப் போன்ற ஒருவனுக்கு முதன்மை இடம் கிடைக்கவில்லை. அன்றியும், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் கதையிலே வால்வுக்கும் சட்டத்துக்கும் இடம் ஏது? ஆசையும் துணிவும் இருந்தால் எதுவும் கைகூடும் என்ற எண்ணத்துடனேயே பார்ப்போர் எழுந்து செல்வர். அதிலே ஓர் ஆபத்து உண்டு. கைகூடாத பிள்ளைக்குத் துணிவு போதாது என்று கருத அது இடந்தரும். ரற்றியானாவுக்குத் துணிவு குறைவாக இருந்ததா? அவளிடம் இல்லாதிருந்தது தடத்திலே ஓர் இடம் மாத்திரமே. ஆயினும், தமையனின் கிண்ணங்களைப் பார்த்து ஏங்கும் அப்பிள்ளையின் கண்களை அப்படம் நமக்குக் காட்டிற்று. அந்த ஏக்கத்தைக் காணாதவன் பிறேக்கை மாற்ற எழுந்திருக்கமாட்டான். அவ்வளவில் படம் தன் கடமையைச் செய்தது.

நம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறை காரணமாக எவரையும் கல்வி நிலையத்திற் சேர்க்க மறுத்தலாகாது என்று விதித்தது. அங்கவீனர் என்ற பழைய சொல்லை விடுத்து, மாற்றுத்திறனாளிகள் என்று அழைக்கவும் நாம் கற்றுக்கொண்டோம். சொல் திருந்துவது நன்று. சொல்லோடு மைதானமும் திருந்தவேண்டும். பாடசாலை ஒன்றை நடத்தும் பொறுப்பிலே பல ஆண்டுகள் இருந்தமையால் ஒன்றைக் கூறமுடியும். இல்ல விளையாட்டுப் போட்டி நாளிலே, நடக்கமாட்டாத பிள்ளைக்கு நிழலிலே நல்லதொரு கதிரை போட்டு, குளிர்பானமும் கொடுத்து, கைதட்டும்படி சொல்லிவிட்டு, நாம் பரிவு காட்டிவிட்டோம் என்று மனநிறைவு கொள்கின்றோம். அப்பிள்ளைக்கும் ஓர் இல்லம் உண்டு. அந்த இல்லத்தின் நிறச்சட்டையை அணிந்துகொண்டுதான் அவனும் வந்திருக்கின்றான். அவன் தன் இல்லத்துக்காக ஒரு புள்ளியேனும் பெற்றுக்கொடுக்க வழியுண்டா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெற்றோரையும் ஆசிரியரையும் நான் கேட்டுக்கொள்வது இதுவே. அடுத்த விளையாட்டுப் போட்டிக்கான நிகழ்ச்சி நிரலை எழுத அமரும்போது, எந்தப் பிள்ளைக்கு எந்த நிகழ்ச்சியும் இல்லை என்று முதலிற் பாருங்கள். அப்பிள்ளையைத் தடுத்து நிற்பது எது என்று அடுத்ததாகப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு படியாக இருக்கும், ஒரு விதியாக இருக்கும், அன்றி ஜஸ்ரினின் வண்டியில் இருந்ததுபோல் ஒரு சிறு மிதிகட்டையாக இருக்கும். அவற்றை மாற்ற அற்புதம் வேண்டுவதில்லை. ஒரு தச்சனும், ஓர் ஆசிரியரும், ஒரு பிற்பகற் பொழுதும் போதும்.